இலவம்பஞ்சும் துணி விலங்கும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. தொட்டிலிற் கிடக்கும் குழந்தை கையில் இறுகப் பற்றியிருக்கும் பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. துணியால் தைத்துப் பஞ்சு அடைத்த யானை, கரடி, ஆடு முதலிய பொம்மைகள் எவ்வாறு தோன்றின, அவற்றைச் செய்த கைகளுக்கு வழிகாட்டியது எது என்பனவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

பொம்மை செய்யும் பழக்கம் தமிழருக்குப் புதியதன்று. சங்ககாலச் சிறுமியர் மணலில் வண்டற்பாவை அமைத்தனர். நீர்நிலைகளில் வளரும் கோரையைக் கொண்டு பைஞ்சாய்ப் பாவை செய்து விளையாடினர். ஐங்குறுநூற்றில் இப்பாவை பேசப்படுகிறது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கரத்தில் விளங்கும் கிளியை அனைவரும் அறிவோம். அது நாள்தோறும் புதிதாக இலைகளைக் கொண்டு செய்யப்படுவது. அதன் அலகு மாதுளம்பூ. இவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது. பொம்மை செய்பவர் தமக்குக் கிட்டாத பொருளுக்காகக் காத்திருக்கவில்லை. ஆற்றங்கரையில் கோரை இருந்தது, பாவை பிறந்தது. நந்தவனத்தில் இலையும் பூவும் இருந்தன, கிளி பிறந்தது.

அவ்வாறாயின் போடிநாயக்கனூரில் கிடைப்பது யாது? ஏலக்காய் என்று உடனே விடை கூறுவீர்கள். போடிமெட்டுக்கு மேலேயுள்ள மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் ஏலம் விடப்படும் ஊர் என்பதால் அவ்விடை பொருத்தமானதே. ஆயினும் மலையடிவாரத்திற்கு மற்றொரு செல்வம் உண்டு, அதுவே இலவம்பஞ்சு. செந்நிறப் பூப்பூக்கும் இலவமரம் நம் காடுகளில் தொன்றுதொட்டு இருப்பது. தோட்டங்களில் வளர்க்கப்படும் வெள்ளைப் பூ இலவமோ அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்டது. கோடையில் அதன் காய்கள் முற்றி வெடிக்கும்; உள்ளே கருநிற விதைகளைச் சூழ்ந்து பட்டுப்போன்ற பஞ்சு இருக்கும். இவ்விழை வழவழப்பானது, குறுகியது, ஆதலால் நூலாக நூற்பதற்கு எளிதில் இணங்காது. ஆனால் ஒவ்வோர் இழையும் உள்ளே குழாய் போன்று காற்று நிறைந்தது. மேலே மெழுகுப் பூச்சு உடையது. எனவே பருத்தியினும் மிக இலேசானது, நீரிலும் மிதப்பது. போர்க்காலங்களில் கடற்படையினரின் உயிர்காப்புச் சட்டைகளில் இதனை அடைத்தனர். நம் ஊர்களில் மெத்தைக்கும் தலையணைக்கும் இதுவே உகந்தது.

பழம் கிடைக்கும் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்த கிளியைப் பற்றி நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தனர். கிளிக்கு அது ஏமாற்றந்தான். ஆனால் கையில் ஊசியும் நூலும் உடையவர்க்கு அதே பஞ்சு பெரும்பேறு அன்றோ!

இனி, துணி விலங்கு உலகெங்கும் பரவிய கதையைக் காண்போம். ஜெர்மனி நாட்டின் கீங்கன் என்னும் சிற்றூரில் 1847-ஆம் ஆண்டு மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண் பிறந்தார். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் கால்கள் செயலிழந்தன, வலக்கையும் வலுவிழந்தது. எனினும் அவர் தையற்கலையைக் கற்றார். தையல் இயந்திரத்தின் சக்கரத்தை வலக்கையால் சுழற்ற இயலாமற் போகவே, இயந்திரத்தையே திருப்பி வைத்து இடக்கையால் இயக்கினார். 1879-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பத்திரிகையில் துணி யானையின் மாதிரிப் படம் ஒன்றைக் கண்டு, 1880-இல் அதனை ஊசி குத்திவைக்கும் சிறு திண்டாகச் செய்தார். அதனைக் கண்ட குழந்தைகளோ ஊசிகளைப் பொருட்படுத்தவில்லை; யானையைத் தூக்கிக்கொண்டு விளையாடத் தொடங்கினர்.

இங்கேதான் வரலாறு திரும்புகின்றது. இது ஊசித்திண்டு, விளையாட்டுப் பொருளன்று என்று அவர் அதட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், குழந்தைகளின் கண்ணில் ஒளிர்ந்ததைத் தம் மனத்தில் வாங்கிக்கொண்டார். மென்மையான விலங்கு பொம்மைகளையே செய்யலானார். சில ஆண்டுகளுக்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் விற்பனையாயின. அவருடைய அண்ணன் தம்பி மக்களுள் ஒருவரான ரிச்சர்டு விலங்குக் காட்சிசாலைக்குச் சென்று கரடிகளை நேரிற் கண்டு படம் வரைந்தவர். 1902-இல் கைகால் அசையும் துணிக் கரடியை அவர் உருவாக்கினார். அதே ஆண்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், கட்டி வைக்கப்பட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அச்செய்தி கேலிச்சித்திரமாக வெளிவந்தது. அதைக் கண்ட மாரிஸ் மிச்டம் என்ற நியூயார்க்குக் கடைக்காரரின் குடும்பமும் துணிக் கரடி தைத்தது. ‘டெடி கரடி’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 1907-ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டைஃப் தொழிற்சாலை 9,74,000 கரடிகளைச் செய்தது. தொடக்கத்தில் மரச்சுருள் அடைத்து விறைப்பாக இருந்த கரடிகள், பிற்காலத்தில் இலவம்பஞ்சினால் மென்மையும் இலேசும் பெற்றன. நம் மலையடிவாரத்துப் பொருள் எத்தகைய சிறப்புடையது என்பதை இதனால் அறியலாம்.

யானையின் மாதிரிப் படம் மார்கரெட் அம்மையாருடையதன்று. பத்திரிகையைக் கண்ட எவரும் அதனைத் தைத்திருக்கலாம். அவர் பெயர் நிலைத்தது, கண்முன் நிகழ்ந்ததை நம்பித் தம் போக்கை மாற்றிக்கொண்ட துணிவினால்தான். பிறர் தந்த மாதிரி ஓர் ஏணியே. ஏணியிலேயே குடியிருக்கக் கூடாது.

கல்வியாளர்களும் இவ்வுண்மையை உணர்ந்தனர். குழந்தைத் தோட்டம் என்னும் பள்ளிமுறையைக் கண்ட பிரெடரிக் ஃபுரோபல், குழந்தைக்கு முதற்பரிசாகக் கொடுத்தது கம்பளி நூலாலான மெல்லிய பந்து. காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வியின் நடுநாயகம் கைத்தொழில். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையார், போர்க்காலத்தில் நமக்கு அண்மையிலுள்ள கோடைக்கானலில் தங்கியிருந்தார். கையே அறிவின் கருவி என்பது அவருடைய கொள்கை. ஆயினும் நம் வகுப்பறைகளில் நிகழ்வது என்ன? பலகையில் ஆசிரியர் வரைந்த யானையைப் போலவே நாற்பது மாணவரும் வரைய வேண்டும். மாறுபட்டது தவறு எனப்படும். இதனால் மாணவன் தன் கண்ணையே நம்பாதவனாகின்றான். மதிப்பெண் குறைவதைவிட இது பெரிய இழப்பு என்பது ஆசிரியப் பணியில் நான் கண்டறிந்த உண்மை.

ஆகவே நீங்களே ஒரு விலங்கைத் தைத்துப் பாருங்கள். நம் மாநில விலங்கான வரையாட்டையே எடுத்துக்கொள்வோம். மூணாற்றுக்கு அருகே இரவிகுளத்துப் புல்வெளிகளில் அது கூட்டங்கூட்டமாக வாழ்கின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. முதிர்ந்த கடாவின் முதுகில் சேணம் இட்டாற்போல வெளிறிய திட்டு ஒன்று தோன்றும். பழைய பருத்தி வேட்டியோ சேலையோ போதும். நெசவு நெருக்கமாக இருந்தால்தான் பஞ்சு வெளியே கசியாது. பக்கவாட்டு உருவத்தைத் துணியில் வரைந்து, தையலுக்கு இடம் விட்டு, இரண்டு துண்டுகளாக வெட்டுங்கள். கால்கள் நான்கும் அகன்று நிற்க, வயிற்றுப் பக்கத்திற்குத் தனித்துண்டு ஒன்று வேண்டும். உட்புறம் வெளியே இருக்கத் தைத்து, சிறு வாயில் விட்டுப் புரட்டுங்கள். கொம்பு நுனி, கால் நுனி ஆகியவற்றில் முதலில் குச்சியால் பஞ்சைச் செலுத்தி, பின்னர் உடலை நிரப்புங்கள்.

பஞ்சு புகுந்தவுடன் ஒரு வியப்பைக் காண்பீர்கள். துணி உப்புவதால் அகலம் சுருங்கும். நீங்கள் வரைந்த ஆடு வேறொன்றாகிவிடும். கழுத்து ஒரு பக்கம் சாயலாம். முகத்தில் எதிர்பாராத குறும்பு தோன்றலாம். உடனே பிரித்துவிடாதீர்கள். சற்றே உற்று நோக்குங்கள். சாய்ந்த கழுத்து, பாறைமேல் நின்று பள்ளத்தை எட்டிப் பார்க்கும் ஆட்டை உங்களுக்கு நினைவூட்டுமாயின், கண்ணை எங்கே வைப்பது என்பதை அக்கழுத்தே சொல்லிவிடும். உள்ளுணர்வு என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று. பலமுறை உற்றுப் பார்த்த கண்ணும் பலமுறை தைத்துப் பழகிய கையும் சேர்ந்து மெல்லச் சொல்லும் சொல்லே அது. ஏலக்காயைத் தரம் பிரிக்கும் பெண்களைக் கவனியுங்கள். காய் கையில் பட்டவுடன் தரம் அவர்களுக்குத் தெரிந்துவிடுகின்றது. அத்தெளிவுக்குப் பின்னே பல்லாண்டுப் பழக்கம் இருக்கிறது.

இத்தகைய சிறு துணிவேலையால் நாட்டுக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. மறு ஆண்டில் ஆரோவில்லின் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையம் அருகிலுள்ள மீனவப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. அவர்கள் எஞ்சிய துணித்துண்டுகளைக் கொண்டு ‘சுனாமிகா’ என்ற சிறு பொம்மையைச் செய்தனர். அது விற்கப்படாமல் அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. துயரத்தில் உறைந்த கைகள் மீண்டும் இயங்குவதற்கு ஒரு விரல் நீளத் துணிப்பொம்மை துணை நின்றது.

இன்று பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த, ஒரே முகமுடைய பொம்மைகள் கடைகளிற் குவிந்துள்ளன. அவற்றை வெறுக்க வேண்டுவதில்லை. ஆனால் நம் வீட்டில் பழந்துணி இருக்கின்றது. நம் ஊரில் இலவம்பஞ்சு இருக்கின்றது. நம் மலையில் பார்த்துத் தீராத விலங்குகள் இருக்கின்றன. வரும் விடுமுறையில் ஒன்றைத் தைத்து உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுங்கள். அக்குழந்தை அதற்கு என்ன பெயர் வைக்கிறது, எவ்வாறு விளையாடுகிறது என்று கவனியுங்கள். நீங்கள் அடுத்துத் தைக்க வேண்டியது எது என்பதை அந்த விளையாட்டே உங்களுக்குக் கற்பிக்கும்.