பிரீமியம் எகானமி: ஆகாயத்தில் ஒரு இரண்டரை பெட்ரூம் வீடு

மார்ச் பிறந்துவிட்டால் நம் வளாகத்து லிஃப்டில் ஒரே பேச்சுதான். "எப்போ கிளம்புறீங்க? எத்தனை மாசம் இருப்பீங்க?" பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று புறப்படுபவர்கள் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறோம். சமீபமாக மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது: "பிரீமியம் எகானமியா போட்டீங்க?"

என் மனைவிக்கு முழங்கால் வலி. மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். "அம்மாவை எகானமியில் கூட்டிக்கிட்டு வராதீங்க அப்பா" என்றாள். டிக்கெட் விலையைப் பார்த்த மனைவியோ, "அந்தக் காசுல பேத்திக்கு வளையல் பண்ணிடலாம்" என்று முடித்துவிட்டாள். கூடுதல் பணத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று தேடப் போனேன். தேடியது இருக்கையை, கிடைத்தது ஒரு எழுபது ஆண்டுக் கதை.

முதலில் விமானத்தில் ஏழைக்கு இடமே கிடையாது. 1952 மே மாதம்தான் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் 'டூரிஸ்ட்' வகுப்பு வந்தது. 1958இல் அதற்கும் கீழே, இன்னும் மலிவாக 'எகானமி' வந்தது. அன்று கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் கூடி முடிவு செய்யும். கட்டணம் ஒன்றாகிவிட்டால் போட்டி எதில்? வசதியில். ஆகவே வசதிக்கும் விதி போட்டார்கள். இருக்கைகளின் இடைவெளி முதல் சாப்பாடு வரை எல்லாவற்றுக்கும் வரம்பு. எகானமியில் சாண்ட்விச் மட்டும்தான், அதுவும் எளிமையாக, ஆறிப்போனதாக இருக்க வேண்டும்.

ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். மேல் ரொட்டி வைத்து மூடாமல் இறைச்சியும் மற்றதும் தாராளமாக அடுக்கிய தங்கள் ஊர் சாண்ட்விச்சைப் பரிமாறியது. "இது சாண்ட்விச்சே இல்லை, முழுச் சாப்பாடு" என்று அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் புகார் கொடுத்தது. சங்கம் கூடிப் பேசியது, எஸ்.ஏ.எஸ். அபராதமும் கட்டியது. நம் சங்கப் பொதுக்குழுவில் பார்க்கிங் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் இந்த வேடிக்கைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. மலிவு டிக்கெட்காரர் அதிக சுகமாக இருந்துவிடக் கூடாது என்ற கவலை எகானமி வகுப்பு பிறந்தபோதே அதனுடன் பிறந்துவிட்டது.

1970 ஜனவரியில் போயிங் 747 பறக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர். பிறகு பத்து பேர். இத்தனை இருக்கைகளை நிரப்பியாக வேண்டுமே. சலுகைக் கட்டணங்கள் பெருகின. 1977 செப்டம்பரில் ஃப்ரெட்டி லேக்கர் லண்டன்–நியூயார்க் 'ஸ்கைட்ரெயின்' விட்டார். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி ஏற வேண்டியது. மற்ற நிறுவனங்களும் விலையை இறக்கின.

இதில் மனம் புழுங்கியவர்கள் முழுக் கட்டணம் கொடுத்த வியாபாரிகளும் அதிகாரிகளும். பக்கத்து சீட்காரர் தான் கொடுத்ததில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறார். ஆனால் அதே சீட், அதே சாப்பாடு. அவர்களைச் சமாதானப்படுத்த 1978இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 'கிளப்' வகுப்பையும், பான் ஆம் 'கிளிப்பர்' வகுப்பையும் கொண்டுவந்தன. அடுத்த ஆண்டு குவாண்டாஸ் 'பிசினஸ்' வகுப்பு என்றே பெயர் வைத்தது. அப்போது பல விமானங்களில் இருக்கை மாறவில்லை. ஒரு தடுப்பு, தனி செக்‑இன், காசில்லாமல் குடிக்க ஏதாவது, அவ்வளவுதான்.

அதாவது இன்று நாம் ஏக்கத்துடன் பார்த்துக்கொண்டே கடந்து போகும் பிசினஸ் கிளாஸ், பிறந்தபோது வெறும் பிரீமியம் எகானமி.

அது அங்கேயே நிற்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் மற்றதை முந்த, இருக்கை அகன்றது, சாய்ந்தது, கடைசியில் படுக்கையே ஆனது. 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் வகுப்பில் முழுக்கத் தட்டையாகும் படுக்கையைப் போட்டது. அதே 2000இல்தான் 'வேர்ல்ட் டிராவலர் பிளஸ்' என்ற பெயரில் தன் பிரீமியம் எகானமியையும் திறந்தது. இது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். நடு மாடிக்காரர் மேல் மாடிக்குப் போனால் நடு மாடி காலியாகும். வாடகைக்கு விட வேண்டியதுதானே!

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் வேறு இருவர். தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக். இரண்டுமே 1992இல் இந்த நடு வகுப்பைத் தொடங்கின. வர்ஜின் அதற்கு 'மிட் கிளாஸ்' என்றே பெயர் வைத்தது. பிறகுதான் 'பிரீமியம் எகானமி' ஆக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் குவாண்டாஸ், கேத்தே பசிபிக் என்று ஒவ்வொன்றாக வந்தன. லுஃப்தான்சா 2014இல்தான் வந்தது. நம் நாட்டில் விஸ்தாரா 2015 ஜனவரியில் முதல் பயணத்திலிருந்தே இந்த வகுப்பை வைத்திருந்தது. ஏர் இந்தியாவின் நீண்ட தூர விமானங்களுக்கு 2023இல் வந்தது.

இனி டேப்பை எடுப்போம். 'பிட்ச்' 38 அங்குலம் என்று போட்டிருப்பார்கள். அது கால் நீட்டும் இடம் அல்ல. உங்கள் சீட்டில் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டில் அதே புள்ளி வரை உள்ள தூரம். முன் சீட்டின் தடிமனும் அதற்குள் அடக்கம். வீடு வாங்கும்போது சூப்பர் பில்ட்‑அப் ஏரியா சொல்வார்களே, அதே கணக்கு. கார்பெட் ஏரியா உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எகானமியில் பிட்ச் பொதுவாக 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் 38. எமிரேட்ஸ் 40 கொடுக்கிறது. வித்தியாசம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அகலத்தில் இரண்டு விரல்கடை கூடும். இதைவிட நல்ல அளவுகோல் வரிசையில் எத்தனை பேர் என்பதுதான். இன்று பெரும்பாலான போயிங் 777களில் எகானமியில் பத்து பேர், பிரீமியத்தில் எட்டு பேர். 38ஐ 31ஆல் வகுத்து, பத்தை எட்டால் வகுத்துப் பெருக்கினால் தரைப்பரப்பு ஒன்றரை மடங்கு. ஏர்பஸ் ஏ350இல் ஒன்பது எட்டாகிறது. அங்கே கிடைப்பது 1.4 மடங்குக்கும் குறைவு, காரணம் அதன் எகானமியே கொஞ்சம் தாராளம். சதுர அடி ரேட் போட்டுப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது கைவந்த கலை. நாங்கள் பார்த்த அன்று டிக்கெட் விலை இரண்டு மடங்கை நெருங்கியிருந்தது.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. யுனைடெட் 1999இல் தொடங்கிய 'எகானமி பிளஸ்' போன்றவை வேறு ஜாதி. சீட் அதே அகலம்தான், முன்னால் சில அங்குலம் மட்டும் கூடும்.

அளவில் வராத சுகமும் உண்டு. ஏர் பிரான்ஸ் 2009இல் ஓடு போன்ற இருக்கையைப் போட்டது. முன்னால் இருப்பவர் சாய்ந்தால் உங்கள் மடியில் விழ மாட்டார். ஆனால் நீங்கள் சாயும்போது முதுகு பின்னால் போகாது, நீங்கள்தான் முன்னால் சறுக்கி வருவீர்கள். குள்ளமானவர்களுக்கு, முக்கியமாக நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு, பிட்சைவிடக் காலடிப் பலகை முக்கியம் என்பேன். பாதம் தரையில் படாமல் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துவிடும். இன்னொன்று: பிரீமியத்தில் கைப்பிடியைப் பெரும்பாலும் தூக்க முடியாது. பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் படுக்க முடியாது. கூட்டமில்லாத விமானத்தில் எகானமியில் மூன்று சீட் காலியாகக் கிடைத்தால் அதுதான் ராஜபோகம்.

காலில் ரத்தம் உறைவதற்கு 'எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயர் உலவுகிறதே, அது தப்பான பெயர். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் அந்த அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆனாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. அசையாமல் உட்கார்வதுதான் காரணம். பஸ், கார், ரயிலுக்கும் இது பொருந்தும். பிரீமியம் சீட்டில் சுகமாகச் சாய்ந்து எழுந்திருக்காமலே இருந்தாலும் அதே அபாயம்தான். முன்பே கால் நரம்பில் தொந்தரவு இருந்தவர்கள் டிக்கெட்டுக்கு முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இந்த நடு மாடியும் இப்போது மேலே ஏறத் தொடங்கிவிட்டது. 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் பகுதிக்கு விட்ட நேரடி விமானத்தில் 67 பிசினஸ் இருக்கை, 94 பிரீமியம் எகானமி இருக்கை. சாதா எகானமியே கிடையாது. பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலான பயணத்தில் கடைசி வகுப்பே பிரீமியம்! இன்னொரு பக்கம், சீட் தேர்வு கிடையாது, டிக்கெட்டை மாற்ற முடியாது என்று எகானமிக்கும் கீழே ஒரு 'பேசிக்' கட்டணத்தை அமெரிக்க நிறுவனங்கள் விற்கின்றன.

எங்கள் வீட்டில் கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டோம். போகும்போது பகல் பயணம், எகானமி, நடைபாதை ஓர சீட். திரும்புவது இரவு, அதுவும் நான்கு மாதம் குழந்தையைத் தூக்கிய முழங்காலோடு, அதற்குப் பிரீமியம். வளையலும் வாங்கியாகிவிட்டது, சற்று மெலிதாக.