நித்திரையிலா, விழிப்பிலா? பச்சிளம் குழந்தையின் மூச்சை அளக்கும் முறைகள்

நுரையீரல் பரிசோதனை என்றால் ஒரு குழாயைக் கையில் தந்து "நல்லா இழுத்து, பலமா ஊதுங்கோ" என்பார்கள். பழக்கினால் ஆறு வயதுப் பிள்ளையும் ஊதிவிடும். மூன்று மாதக் குழந்தையிடம் இதைக் கேட்க முடியாது. ஆனால் சில நோய்களின் பாதிப்பு தொடங்குவதோ அந்த வயதில்தான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் பிறந்ததுமே கண்டறியப்பட்ட குழந்தைகளை லண்டன் ஆய்வாளர்கள் மூன்று மாதத்தில் சோதித்தபோது, அவர்களின் நுரையீரல் இயக்கம் சராசரியாக ஏற்கெனவே குறைந்திருந்தது.

இத்தகைய சோதனைக்கு, குளோரல் ஹைட்ரேட் என்ற நித்திரை மருந்தைக் கொடுத்து, காற்று நிரப்பக்கூடிய ஒரு சட்டையைக் குழந்தையின் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றிக் கட்டுவார்கள். முகமூடி வழியாக நுரையீரல் நிரப்பப்பட்டதும் சட்டை திடீரென உப்பி நெஞ்சை அழுத்தும். காற்று வெளியேறும் வேகம் பதிவாகும். பார்ப்பவருக்குத்தான் பதற்றம். உண்மையான சிக்கல் மருந்தில் இருக்கிறது. ஒட்சிசன் அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மூச்சுத்தடை உள்ள குழந்தைக்கு இது ஆபத்தானது. சுகமாக இருக்கும் பிள்ளைக்கு, ஆய்வுக்காக மட்டும் இந்த மருந்தைக் கொடுக்க எந்தத் தாய்தான் சம்மதிப்பார்?

அதனால்தான் மருந்தில்லாத முறைகள் முக்கியமாகின. பாலூட்டி, இயல்பாக நித்திரையானதும், மூக்கையும் வாயையும் மூடும் மென்மையான முகமூடியை வைத்துச் சாதாரண மூச்சையே அளக்கிறார்கள். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் ஒரு மூச்சு ஏறத்தாழ 20 மில்லிலீற்றர், அதாவது நான்கு தேக்கரண்டி. முகமூடிக்குள் இருக்கும் வெற்றிடம்கூட முடிவைக் குழப்பப் போதுமானது.

பெரிதும் பயன்படும் அளவு ஒரு விகிதம். மூச்சு வெளிவரும்போது அதன் வேகம் உச்சத்தை அடைய எடுக்கும் நேரத்தை, முழு வெளிமூச்சு நேரத்தால் வகுப்பார்கள். சுவாசக்குழாய்கள் ஒடுங்கியிருந்தால் இந்த விகிதம் பொதுவாகக் குறையும்.

இங்கேதான் நித்திரை குறுக்கிடுகிறது. பச்சிளம் குழந்தை வெளிமூச்சின்போது குரல்வளையைச் சற்று ஒடுக்கி, உதரவிதானத்தையும் உடனே தளரவிடாமல், காற்றை ஒரு பிரேக் போல இழுத்துப் பிடிக்கிறது. விலா எலும்புக்கூடு மிக மென்மையானதால் நுரையீரலில் போதிய காற்றைத் தக்கவைக்கும் உத்தி இது. நித்திரையில் இந்தப் பிடி மாறுகிறது. இமைக்குள் கண் உருளும் நித்திரையில் விலாத் தசைகள் தளர, வயிறு எழும்போது நெஞ்சு உள்வாங்குகிறது. அமைதியான நித்திரையில்தான் மூச்சு சீராகிறது. விழித்திருக்கும் குழந்தையோ கால் உதைக்கும், சப்பும், அழும்.

ஒஸ்லோ ஆய்வாளர்கள் விழித்திருக்கும் குழந்தைகளையும் அளந்திருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஏறத்தாழ ஐந்து வாரக் குழந்தைகளை இயல்பான நித்திரையில் அளக்கிறார்கள். இரண்டுமே சரிதான், இரண்டின் எண்களையும் கலப்பதுதான் தவறு. குழந்தை எந்த நிலையில் இருந்தது என்று எழுதாத அறிக்கையால் அதிகம் பயனில்லை என்பேன்.

இந்த எண்களுக்கு நீண்ட நிழல் உண்டு. ஒஸ்லோவில் பிறந்த சில நாட்களில் விகிதம் குறைவாக இருந்த குழந்தைகளிடையே பத்து வயதுக்குள் ஆஸ்துமா கூடுதலாகக் காணப்பட்டதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவில், புகைப்பதை நிறுத்த முடியாத கர்ப்பிணிகளுக்குத் தினமும் 500 மில்லிகிராம் விற்றமின் சி கொடுத்தபோது, அவர்களின் குழந்தைகளுக்குப் பிறந்த 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த அளவு மேம்பட்டிருந்தது (2014). ஆயினும் இவை கூட்டத்தைப் பற்றிய உண்மைகள். ஒரு தனிப் பிள்ளைக்கு ஆஸ்துமா வருமா என்பதை அந்த விகிதம் மட்டும் சொல்லிவிடாது.

கருவியே இல்லாத அளவீட்டுக்கும் இதே விதிதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, இருமலோ மூச்சுச் சிரமமோ உள்ள பிள்ளை நிமிடத்துக்கு இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 தடவை அல்லது அதற்கு மேல் மூச்செடுத்தால் அது வேகமான சுவாசம். வைத்தியரிடம் காட்ட வேண்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணக்கூடாது. அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்.