எந்த மண்ணின் எர்த்?

1859 செப்டம்பர் 2. பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் நடுவே ஓடிய தந்திக் கம்பியின் இரு முனைகளிலும் ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். மின்னோட்டத்தைத் தந்தது சூரியப் புயல். மண்ணையே திரும்புகம்பியாக்கலாம் என்று 1838இல் ஸ்டைன்ஹைல் காட்டிய பிறகு, தந்திக்கு ஒற்றைக் கம்பியே போதுமென்றாகியிருந்தது. ஆனால் இரண்டு ஊர் மண்ணும் எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை.

வளாகத்தின் கடைக்கோடி கேட்டில் கேமரா மாட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 300 மீட்டர் தள்ளி ஒரு கம்பம். அதனடியில் கரியும் உப்பும் கொட்டி ஓர் எர்த் பிட். கேபிளின் ஷீல்டு இரு முனையிலும் எர்த்தோடு இணைப்பு. இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் ஆபத்து தொடங்குவதே அங்கே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின்சாரம் கொண்டுபோவது வெறும் கணக்கு. 2003இல் வந்த முதல் பவர் ஓவர் ஈதர்நெட் தரத்தில் ஸ்விட்ச் 15.4 வாட் தந்தால் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். மீதி 2.45 வாட் கம்பியில் சூடாகிவிடுகிறது. அதுவும் 100 மீட்டருக்குத்தான். 300 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால், போக வர 600 மீட்டருக்குத் தடை சுமார் 4.5 ஓம். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் அனுப்பினால் வழியிலேயே 4.5 வோல்ட் போய்விடும்; பகலில் ஓடும் கேமரா, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். அதே 12 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு ஒரு வோல்ட்டுக்குச் சற்றே மேல். தொலைபேசி நிலையங்கள் 48 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டது சும்மா அல்ல. அங்கே நேர்முனையை எர்த் செய்ததற்கும் காரணம் உண்டு: ஈரத்தில் மின்கசிவு ஏற்பட்டாலும் செம்பு அரிக்காது.

எர்த் விஷயம் இவ்வளவு எளிதல்ல. கம்பத்தில் விழும் மின்னல் 20,000 ஆம்பியரை 5 ஓம் எர்த் பிட்டில் இறக்கினால், கணக்குப்படி அந்த இடம் ஒரு லட்சம் வோல்ட்டுக்கு எழும்பும். 300 மீட்டர் தள்ளியிருக்கும் கட்டடத்தின் எர்த் அப்படி எழும்பாது. இரண்டையும் சேர்த்துவைத்த ஷீல்டுதான் அந்த வித்தியாசத்துக்கு வழிவிடுகிறது. ஈதர்நெட் போர்ட்டிலுள்ள சின்ன டிரான்ஸ்பார்மர் தாங்க வேண்டியதோ 1,500 வோல்ட் சோதனைதான். பிட்டை 1 ஓமுக்கு இறக்கினாலும் 20,000 வோல்ட் மிச்சம். ஷாக் தடுக்கவும் பியூஸ் போகவும் நல்ல எர்த் வேண்டும்தான்; ஆனால் ஆண்டுதோறும் உப்பு கொட்டுவது போர்ட்டைக் காப்பாற்றாது.

ஆகவே தகவலை ஃபைபரில் அனுப்புவதே சரி. உறையில் இரும்புக் கவசம் உள்ள ஃபைபரை வாங்கினால் பழைய சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிடும். மின்சாரத்துக்குக் கட்டடத்திலிருந்தே எர்த் கம்பியோடு கூடிய தனி லைன், இரு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர், கம்பத்தின் பிட்டும் அதே எர்த் கம்பியோடு இணைப்பு. அல்லது சோலார் தகடும் பேட்டரியும் வைத்து, செம்பையே விட்டுவிடலாம்.

கட்டடத்துக்குள் விதி தலைகீழ்: எல்லா எர்த்தையும் ஒன்றாக இணைத்தே வைக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டருக்கென்று வெளியே தனியாகத் தோண்டி, மற்ற எர்த்தோடு சேர்க்காமல் விட்ட ‘சுத்தமான எர்த்’ பல சர்வர் அறைகளில் இருக்கிறது. அங்கே ரேக்கைத் தொடும் கைக்கும் பக்கத்து ஏசியின் இரும்பு உறையைத் தொடும் கைக்கும் இடையில் இரண்டு வேறு மண் நிற்கிறது.