ஆற்றங்கரைக் கல்வீடு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஸ்கூல்கில் ஆற்றின் மேற்குக் கரையில் மரங்கள் செறிந்த பூங்கா ஒன்று உள்ளது. அதன் மேட்டில், ஆற்றை நோக்கியவாறு ஒரு பழங்கல்வீடு நிற்கிறது. ஜான் பார்ட்ரம் என்னும் உழவர் 1728ஆம் ஆண்டு இந்நிலத்தை வாங்கி எழுப்பிய வீடு அது.

கல்லூரி வாசலை மிதித்திராத அவர், காடும் மலையும் அலைந்து விதைகளைத் திரட்டினார். அவற்றைப் பெட்டிகளில் அடுக்கி இலண்டன் வணிகர் பீட்டர் காலின்சனுக்கு அனுப்பிவந்தார். 1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரைத் தம் தாவரவியலாளராக நியமித்தார்.

அதே ஆண்டில், மகன் வில்லியமுடன் ஜார்ஜியாவின் அல்டமஹா ஆற்றோரம் சென்றபோது, அதுவரை அறியப்படாத ஒரு சிறு மரத்தைக் கண்டார். பின்னாளில் வில்லியம் அதன் விதைகளைக் கொணர்ந்து இத்தோட்டத்தில் வளர்த்தார். தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரம், கோடையின் இறுதியில் வெண்மலர்களைத் தாங்கும். பெஞ்சமின் பிராங்க்ளினின் நினைவாக அது 'பிராங்க்ளினியா' எனப் பெயர் பெற்றது. 1803க்குப் பின் காட்டில் அம்மரத்தை எவரும் கண்டிலர். இன்று எந்நாட்டுத் தோட்டத்தில் அது பூத்தாலும், பூப்பது பார்ட்ரம் குடும்பம் காத்த விதையின் வழிமரபே.

பார்ட்ரமின் சமயக் கருத்து நமக்கு உடன்பாடானதன்று. கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்தமைக்காக, 1758இல் அவர் சார்ந்திருந்த குவேக்கர் சபையே அவரை விலக்கியது. அவரோ 1770இல், எல்லாம் வல்ல இறைவன் ஒருவரையே தாம் தொழுவதாகக் கல்லில் பொறித்துத் தம் வீட்டுச் சுவரில் பதித்தார்.

அக்கல்லில் திருமகனின் பெயர் இல்லையே என்று நம் உள்ளம் வருந்தலாம். ஆனால், அத்திருமகன் வழியாகவே அனைத்தும் உண்டாயின என்று ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையில் சொல்பவர்கள் நாம். அவரை அறிக்கையிடத் தவறிய ஒருவரின் இல்லத்தில், அவர் வழியாக உண்டான ஒரு படைப்பு பிழைத்துக்கொண்டது. அறிக்கையிடும் நம் இல்லங்களில் பிழைத்தது எது?

ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான உயிரினங்கள் மறைவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வேதனையுடன் சுட்டினார். அவற்றைக் காப்பது அறிஞர்க்கும் அரசுக்கும் மட்டுமே உரிய பணி என நாம் ஒதுங்கிவிடுகிறோம். வில்லியம் அந்த விதைகளை எடுத்த நாளில், அம்மரம் காட்டிலிருந்து மறையும் என்பதை அறியார். அதன் அழகை வியந்தார், கொணர்ந்து நட்டார், நீர் வார்த்தார். அவ்வளவே. ஆதித் தோட்டத்தில் இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த பணியும் அதுவேயன்றோ?