கமுதி சூரிய மின் நிலையம்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு அருகே, செங்கப்படை வட்டாரத்தில், மதுரையிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள மின் நிலையம். நிறுவுதிறன் 648 மெகாவாட். பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். 2016 செப்டம்பரில் முழுமை பெற்றபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்று பேசப்பட்டது. 

இதன் வரலாறு மின்வெட்டில் தொடங்குகிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் தமிழக அரசு சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டு, 2015-க்குள் 3,000 மெகாவாட் என இலக்கு வைத்தது. இலக்கு எட்டப்படவில்லை. 2015 ஜூலை 4 அன்று அதானி குழுமத்தின் ஐந்து நிறுவனங்கள் மின்வாரியத்துடன் 648 மெகாவாட்டுக்கு ஒப்பந்தம் செய்தன. விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். அதே மாதம் மத்தியப் பிரதேச ஏலத்தில் 5.05 ரூபாய்க்கே ஒப்பந்தப்புள்ளி வந்ததால், தி.மு.க. இதைக் கடுமையாக எதிர்த்தது. ஏலம் விட்டிருக்க வேண்டும் என்ற வாதம் நியாயமானதே.

சுமார் 4,550 கோடி ரூபாய் செலவில், 8,500 தொழிலாளர்கள் எட்டு மாதங்களில் 25 லட்சம் தகடுகளைப் பொருத்தினர். அந்த வேகம் வியக்கத்தக்கது. தகடுகள் தரும் நேர்மின்னோட்டம் இன்வெர்ட்டர்களில் மாறுமின்னோட்டமாகி, கமுதி 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வழியே வெளியேறுகிறது. 648 என்பது உச்சி வெயிலின் கணக்கு. இரவையும் மேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி உற்பத்தி நிறுவுதிறனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. தகட்டில் புழுதி படிந்தால் அதுவும் குறையும். ஆகவே, தம் மேலுள்ள சிறு தகடுகளிலேயே மின்னேற்றிக்கொள்ளும் ரோபோக்கள் வரிசை வரிசையாகத் தூசியைத் துடைத்துச் செல்கின்றன. தகடுகளைக் கழுவ நிலத்தடி நீர் எடுக்கப்படுவதாகச் சுற்று ஊர்க்காரர்கள் முறையிட்டதும் உண்டு.

இத்தகைய நிலையம் எந்த நிலத்தில் அமைகிறது என்பதும் முக்கியம். ஜெர்மனியின் நோய்ஹார்டன்பெர்க்கில் 2012-இல் அமைந்த 145 மெகாவாட் நிலையம், கைவிடப்பட்ட இராணுவ விமானதளத்தில் நிற்கிறது. அங்கே யாரும் உழவில்லை. கமுதியின் நிலமோ தனியாரிடம் விலைக்கு வாங்கப்பட்டது. குண்டாற்றுப் பாசனத்துக்கு அப்பால் இது வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாயும் பருத்தியும் விளையும். பொய்த்தால் சீமைக் கருவேலம் மண்டும். அதை வெட்டிக் கரி சுடுவதும் ஆடு மேய்ப்பதும் நிலமில்லாதவர்களின் பிழைப்பு. இராமநாதபுரம் வெள்ளை என்னும் செம்மறி இனம் இந்த மேய்ச்சல் காடுகளில் வளர்ந்ததுதான். நிலத்தை விற்றவருக்கு விலை கிடைத்தது. மேய்த்தவருக்கு எதுவும் இல்லை. தரிசு என்ற ஒற்றைச் சொல்லால் அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது தவறு.

உலகிலேயே பெரியது என்ற பேச்சும் நீடிக்கவில்லை. 2017-க்குள் ஆந்திரத்தின் கர்நூல் சூரியப் பூங்கா 1,000 மெகாவாட்டைத் தொட்டது. பின்னர் கர்நாடகத்தின் பாவகடாவும் ராஜஸ்தானின் பட்லாவும் 2,000-ஐக் கடந்தன. 2017-இல் தமிழக மின்வாரியத்தின் ஏலத்திலேயே சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு 3.47 ரூபாய்க்கு வந்தது. ஆனால் கமுதி ஒப்பந்தத்தின் காலம் 25 ஆண்டுகள்.