சாரம் வரை வந்த சவுக்கு

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி போகும் சாலையில் எங்கே இரண்டு மாடி வீடு எழும்பினாலும், வீட்டுக்கு முன்னால் சவுக்குக் கம்புதான் கண்ணில் படும். சுவரைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய சாரம் அதுதான். தளம் போடும்போது சென்ட்ரிங் பலகைக்கு அடியில் வரிசையாக நிற்கும் முட்டும் அதுதான். ஓ.எம்.ஆர். பக்கத்து உயரக் கட்டடங்கள் இரும்புக் குழாய்க்கு மாறிவிட்டன. புறநகரின் சின்ன வீடுகளை இன்றும் சவுக்குதான் தூக்கி நிறுத்துகிறது.

இந்த மரத்துக்கு இது சொந்த மண் இல்லை. வட ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரைகளில்தான் அது பிறந்தது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அறுத்த கட்டையின் ரேகைகளில் தங்கள் ஊர் ஓக்கின் சாயலைக் கண்டார்கள். அது வெறும் சாயல் இல்லை. இன்றைய தாவரவியல் ஓக்கையும் சவுக்கையும் ஃபேகேல்ஸ் என்ற ஒரே வரிசையில் வைக்கிறது. பார்க்க ஊசியிலை மரம் போல இருந்தாலும் சவுக்கு பூக்கும் மரம். ஊசி என்று நாம் நினைப்பது மெல்லிய கிளை. உண்மையான இலைகள் அந்தக் கிளையின் கணுக்களில் பொடிப் பற்களாக ஒட்டியிருக்கும்.

சென்னைக் கரைக்கு அதை அழைத்து வந்தது விறகுப் பசி. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நிலக்கரி தொலைவிலிருந்து வரவேண்டும் என்பதால் எஞ்சின்கள் விறகை எரித்தன. சுற்றுவட்டக் காடுகள் தேய்ந்தன. அதே 1856-இல் ஹியூ கிளெகார்ன் தலைமையில் சென்னை மாகாணத்துக்கு வனத்துறை அமைந்தது. வேறெதுவும் விளையாத கடற்கரை மணலில் வேகமாக வளரும் சவுக்கு அந்தக் காலத்துக்குப் பொருந்திப்போனது. நகரத்து அடுப்புகளுக்கான விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்து விறகுத் தொட்டிகளில் இறங்கியது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. பிறகு வீடுகளில் கேஸ் அடுப்பும் வந்தது. எரிப்பதற்கென்று வந்த மரம் அதற்குப் பிறகு தாங்கும் வேலையில் அமர்ந்துகொண்டது.

செய்யூர், மரக்காணம், கடலூர்ப் பக்கம் போனால் அதன் பிள்ளைப் பருவத்தைப் பார்க்கலாம். விதை தூசி போல இருக்கும், ஒரு கிலோவில் பல லட்சம். மணல் பாத்தியில் தூவி வைக்கோல் மூடி, எறும்பு தூக்கிப் போகாமல் காவல் இருக்க வேண்டும். பழைய சவுக்குத் தோப்பு மண்ணில் கொஞ்சம் கொண்டுவந்து நாற்றங்காலில் கலப்பதும் உண்டு. அந்த மண்ணில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. அது வேரில் முடிச்சு போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால்தான் வெறும் மணலிலும் சவுக்கு நிமிர்கிறது. ஐப்பசி மழையில் மீட்டருக்கு ஒன்றாக நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கன்று. நெருக்கி நட்டால்தான் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு நேராக உயரும். சாரத்துக்கு அந்த நேர்மைதான் விலை. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட கலப்பினக் குளோன்கள் வந்த பிறகு, மூன்று நான்கு ஆண்டிலேயே கோடரி விழுகிறது.

வெட்டிய மரத்தில் கழிவு என்று எதுவும் இல்லை. நீண்டது சாரத்துக்கும் பந்தல் காலுக்கும், குட்டை முட்டுக்கு. மிச்சக் கட்டை கரூர்ப் பக்கத்துப் புகழூர் காகித ஆலைக்குப் போய்த் தாளாகிறது. மிலாறு வேலிக்கும் அடுப்புக்கும் ஆகும். இந்த இனம் வெட்டிய இடத்தில் சரியாகத் துளிர்க்காது என்பதால் வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்து விற்றுவிட்டு, புதிதாக நடுகிறார்கள். புயல்தான் பயம். 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் அடித்தபோது, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தோப்புகள் ஒரே இரவில் முறிந்து விழுந்தன.

இவ்வளவு உபகாரி என்பதாலேயே அதை எங்கும் நட்டுவிடத் தோன்றுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அலையைத் தடுக்கும் அரணாகக் கரையோரம் நெடுகச் சவுக்கு நடப்பட்டது. நோக்கம் நல்லதுதான், ஆனால் அலை நுனி வரை நட்டது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிடக் கரையேறுகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ஆமைக்குத் தேவை வெயில் படும் திறந்த மணல். சவுக்கு அதை நிழலாலும் வேராலும் சருகாலும் மூடிவிடுகிறது. கரையை விட்டு உள்ளே தள்ளி, விவசாயிகளின் நிலத்தில் அது எவ்வளவு வேண்டுமானாலும் வளரட்டும். அலை ஓர மணலைப் பிடித்துவைக்க அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் அங்கே முன்பே இருக்கின்றன. அவற்றைப் பிடுங்காமல் விட்டாலே போதும்.