குரோம்பேட்டையின் ‘குரோம்’: ஊடுருவலும் மென்படலமும் – கணித மாதிரி நோக்கில் ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

சென்னையின் தென்புறநகரான குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனி என்னும் தோல் ஆலையால் பெயர் பெற்றது. ‘குரோம்’ என்றதும் வண்டி உதிரிகளின் மேல் மின்னும் குரோமிய முலாமே இன்று பலர் நினைவில் எழுகிறது. ஆனால் ஊர்ப்பெயரில் உள்ள குரோமியம் பரப்பின் மேல் படிந்தது அன்று, தோலினுள் ஊடுருவியது. இவ்விரண்டும் வேறுவேறு கணித மாதிரிகளுக்கு உரியவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரின் காலம்

குரோமிய உப்புகளால் தோல் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் ஷுல்ஸ் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டுவந்த சென்னை மாகாணத்தில், 1903 அளவில் ஆல்பிரட் சாட்டர்டன் இப்புதிய முறையைச் சோதித்தார். ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் லெதர் ஆலை முதல் உலகப் போருக்கு முற்பட்டது. குரோமிய முலாமோ 1920களின் நடுப்பகுதிக்குப் பின்னரே வணிக அளவில் பரவியது. எனவே ஊர்ப்பெயரை முலாமோடு இணைப்பது காலமுரணாகும்.

மாதிரிகளின் வேறுபாடு

பதனிடுதலில் குரோமியம் தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைகிறது. அப்பிணைப்பை விடுத்து எளிமையாக நோக்கின், அடோல்ஃப் ஃபிக் 1855இல் வகுத்த விரவல் விதி இங்குப் பொருந்தும். அதன்படி தோலின் தடிமன் இருமடங்கானால் ஊடுருவும் நேரம் நான்கு மடங்காகும். முலாம் பூச்சில் படியும் தடிமன், ஃபாரடே விதிப்படி, மின்னோட்ட அடர்த்திக்கும் நேரத்திற்கும் நேர்விகிதத்தில் அமையும்.

திண்மப் பரப்பின் மேல் பரவும் நீர்மப் படலத்தின் இயல்பு வேறு. உயவெண்ணெய்ப் படலம் பற்றி ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் எழுதிய கட்டுரையே இத்துறையின் அடிப்படை. நீளத்தை நோக்கத் தடிமன் மிகச் சிறிதாகலின், தடிமன் திசையில் அழுத்த மாற்றத்தைப் புறக்கணிக்கலாம் என்பது அவர் கண்ட எளிமையாக்கம். இதனால், ஒரே சாய்வில் வழியும் படலத்தின் தடிமன் இருமடங்கானால் ஓட்டம் எட்டு மடங்காகிறது. எனினும், நீர்மம் பரப்பில் வழுக்காது என்னும் எடுகோளைப் படலத்தின் நகரும் விளிம்பிலும் கொண்டால், அங்கு விசை எல்லையின்றிப் பெருகுகிறது. 1971இல் ஹூ, ஸ்கிரிவன் இருவரும் சுட்டிய இம்முரணை நீக்க, விளிம்பருகே சிறு வழுக்கலையோ முன்னோடும் நுண்படலத்தையோ மாதிரியில் சேர்க்க வேண்டியுள்ளது.

முடிவுரை

பதனிட்ட தோலுக்கு இறுதியில் இடும் மெருகுப் பூச்சில் இவ்விரு வரலாறுகளும் சந்திக்கின்றன. பூச்சு மேலே படலமாகப் பரவுகிறது. கீழே நுண்துளைகளுள் இறங்குகிறது. ஆகவே படலச் சமன்பாட்டில் உறிஞ்சலால் ஏற்படும் இழப்பையும் சேர்த்தல் வேண்டும். வழுவழுப்பான திண்மப் பரப்புக்கு வகுத்த மாதிரியைத் தோலுக்கு அப்படியே பொருத்தினால், பூச்சின் தடிமன் மிகையாகவே கணிக்கப்படும். தோல் ஆலையால் பெயர் பெற்ற இதே ஊரில் 1949இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, வானூர்தி, தானியங்கி ஊர்திப் பொறியியல்களைக் கற்பித்தது. உயவுப் படலமின்றி அவ்வெந்திரங்கள் இயங்கா. ‘குரோம்’ என்னும் ஒரு சொல்லின் வரலாற்றைத் தெளிதல், எம்மாதிரி எப்பொருளுக்கு உரியது என்பதைத் தெளிதலும் ஆகும்.